எண்பது பாக்கெட்டில் நின்ற சமோசா பட்டி

சிறு பட்டறைகளின் உற்பத்தியைப் பெருக்கித் தருகிற தொழிலில் இருப்பவருக்குப் போன இடத்தில் முதலில் கிடைப்பது டீ, அடுத்தது தப்பான தகவல். இரண்டையும் அன்போடுதான் கொடுப்பார்கள்.

நான் இருபது வருஷம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தவள். வேலையை விட்ட பிறகு, சிட்லபாக்கம் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு யோசனை சொல்லி வருகிறேன். அடுத்தவர் பட்டறையில் நோட்டும் பேனாவுமாக நின்று, 'இந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை' என்ற பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். மற்றவர்கள் ஒரு வெங்காய சமோசாவைக் கடித்துக்கொண்டே படிக்கலாம், தப்பில்லை.

கல்லு பத்தல

கீழ்க்கட்டளையில் ஜமால் பாய் வீட்டின் பின்பக்கம் ஒரு ஷெட். அங்கே தயாராவது சமோசா பட்டி, அதாவது சமோசாவின் மேல்தோல். மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, எண்ணெயும் மாவும் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை மறுபடி பெரிதாகத் தேய்த்து, கல்லில் அரை வேக்காடாகப் போட்டெடுத்து, நீளவாக்கில் வெட்டி, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு ஏடாக உரிக்க வேண்டும். உரித்ததை ஐம்பது ஐம்பதாகப் பாக்கெட் போட்டால் டீக்கடைக்காரர்கள் வாங்கிப்போய் வெங்காயத்தை வைத்து மடித்துப் பொரித்துக்கொள்வார்கள்.

ஒரு நாளைக்கு எண்பது பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி, பொத்தேரி பக்கம் மாணவர் விடுதி கேன்டீன்கள் நடத்தும் ஒரு காண்டிராக்டருக்குப் போகும். அவருக்குப் புதிதாக நான்கு கேன்டீன் கிடைத்துவிட்டது. கல்லூரி திறக்கும் திங்கட்கிழமையிலிருந்து தனக்கு மட்டும் தினம் நூற்று இருபது பாக்கெட் வேண்டும், முடியாவிட்டால் மொத்தத்தையும் மெஷின் பட்டிக்காரரிடம் மாற்றிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மற்ற கடைகளுக்கான நாற்பதையும் சேர்த்தால் நூற்று அறுபது. இருப்பது மூன்று வாரம். அவர் போய்விட்டால் பட்டி உரிக்கிற நான்கு பெண்களில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பாய் அதைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டார், அவர்கள் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கே சிக்குகிறது என்று கேட்டேன். அடுப்படியில் நாள் முழுக்க நிற்பவர் அவர்தான். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யோசிக்கவே யோசிக்காமல் சொன்னார்: "இதுல ஆராய்ச்சி பண்ண ஒண்ணுமே இல்ல மேடம். கல்லு பத்தல, அவ்ளோதான்."

மேரியக்காவின் வேகம்

நான் நம்பவில்லை. எங்கள் தொழிலில் யார் என்ன சொன்னாலும் நேரம் பார்த்துத்தான் நம்ப வேண்டும். உரிக்கிற பெண்களுக்குத் தலைமை மாதிரி இருப்பவர் மேரியக்கா, பத்து வருஷ அனுபவம். அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, போனில் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்தேன். ஒரு அடுக்கை மூன்று நிமிஷத்தில் உரித்துப் போட்டார். அடுத்ததும் மூன்று. அதற்கடுத்ததும் மூன்று. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் எண்பது பாக்கெட் மத்தியானத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டீ குடிக்கிற சாக்கில் தள்ளி நின்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அதே அடுக்குக்கு இப்போது ஆறு நிமிஷம். நடுவில் பக்கத்துப் பெண்ணிடம் ஒரு பேச்சு, தலைமுடி ஒதுக்கல், நிமிர்ந்து ஒரு பார்வை. 'என்னக்கா இது' என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"போட்டோ எடுக்க சொல்லோ யாராவது மூஞ்சிய உம்முனு வெச்சுகினு இருப்பாங்களா மேடம்?" என்றார்.

இரண்டாவது கல்

இருந்தாலும் பாய் கேட்டுக்கொண்டே இருந்தார், கல்லு கல்லு என்று. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு பழைய கல்லும் அடுப்பும் வரவழைத்தோம். நான் செய்த தப்பு இதுதான்: மெதுவான இடம் எது என்று கண்டுபிடிக்காமல், கேட்டவர் வாயை அடைக்கச் சரி சொன்னது. தொழிற்சாலையில் என்றால் என் மேலதிகாரி என்னைப் பிய்த்து எடுத்திருப்பார்.

காலை ஒன்பது மணிக்கு இரண்டு கல்லும் எரிந்தன. பாய் இரண்டுக்கும் நடுவில் நின்று சுழன்றார். பத்தரைக்கு உரிக்க வேண்டிய அடுக்குகள் மேரியக்காவின் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. ஆறின பட்டி ஏடு ஏடாகப் பிரியாது, ஒட்டிக்கொண்டு கிழியும். பதினோரு மணிக்கு இரண்டாவது கல்லை அணைக்கச் சொன்னேன். ஒட்டிப்போன அத்தனையையும் துண்டு துண்டாக நறுக்கி, எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, அந்தத் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தட்டுத் தட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் வேதனை.

பாய் என் எதிரே உட்கார்ந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நம்ம தெருவுக்கு இன்னைக்கு பண்டிகை மேடம். மூணாவது கல்லு ஒண்ணு போட்டோம்னா மேடவாக்கம் வரைக்கும் குடுக்கலாம்."

கட்டை விரல்

அப்படியென்றால் உரிப்பதில்தான் சிக்கல் என்று முடிவுக்கு வந்தேன். இரண்டு புதுப் பெண்களை வரவழைத்தோம். சுடச்சுட உரிப்பது பார்க்கிறவர்களுக்கு லேசாகத் தெரியும். நானும் முயன்று பார்த்தேன், நாலாவது ஏட்டில் கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். மேரியக்காவின் விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும், அதில் சூடு ஏறுவதாகவே தெரியாது.

புதிதாக வந்த இருவரில் ஒரு பெண் தங்கிவிட்டாள். மற்றவள் ஒரு மணிநேரம் உரித்தாள். பிறகு மேரியக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களை உற்றுப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள், எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். கூலி போதவில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாள்.

"எங்க வூட்ல ரேஷன் கடைக்கு நான்தான் போவணும் மேடம். ரேகை அழிஞ்சிபோச்சுன்னா மெஷின்ல இன்னாத்த வெக்கறது?"

வெள்ளிக்கிழமை

ஒரு வாரம் ஓடிவிட்டது. எண்பது எண்பதாகவே நின்றது. ஆள் கூடியும் எண்பது. எனக்கு உள்ளூர பயம் வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்டு இவர்கள் வாய்ப்பை விட்டுவிடப் போகிறார்கள், இரண்டு பெண்கள் வேலையில்லாமல் நிற்கப் போகிறார்கள், நான் ஸ்கூட்டரில் ஏறி அடுத்த பட்டறைக்குப் போய்விடுவேன் என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்று நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகப் பாய் பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசல் போய்விடுவார். உரிக்க வேண்டிய அடுக்குகளை முன்னாடியே போட்டெடுத்துப் பெரிய ஹாட்பாக்ஸில் ஆறாமல் மூடி வைத்துவிட்டுப் போவார், இரண்டரை வரை கல் அணைந்தே கிடக்கும். முழுசாக இரண்டு மணிநேரம். அப்படியும் வெள்ளிக்கிழமை எண்பது பாக்கெட் வந்திருந்தது. கல்தான் சிக்கல் என்றால் அறுபதல்லவா வந்திருக்க வேண்டும்?

அடுத்த வெள்ளி நான் கடிகாரத்தைத் தொடவில்லை, நோட்டைத் திறக்கவில்லை. ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்தேன். பாயின் மனைவி ஷமீம் அக்காவை அன்றுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாசல் பக்கத்துப் பெஞ்சு அவருடையது. பெண்கள் ஐம்பது ஐம்பதாக எண்ணி வைக்கிற பட்டியை அவர் மறுபடி ஒருமுறை எண்ணி, கிழிந்தவற்றுக்கு ஈடாக இரண்டு கொசுறு சேர்த்து, பாலிதீன் கவரில் போட்டு மூடுவார். ஆர்டர் எடுக்கிற போனும் அவரிடம்தான். முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று என்று போய்க்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். பேசி முடித்ததும் எண்ணிக்கை மறந்திருக்கும். மறுபடி ஒன்றிலிருந்து. வியாபாரம் வளர வளர போன் கூடியது, போன் கூடக் கூட எண்ணுவது தாமதமானது. வெள்ளி மத்தியானம் மட்டும் வாடிக்கைக் கடைக்காரர்களில் பாதிப்பேர் தொழுகையில் இருப்பார்கள், மீதிப்பேர் பாய் வீட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருப்பார்கள். அந்த இரண்டு மணிநேரம் போன் அடிக்கவே இல்லை. ஷமீம் அக்கா தடங்கலில்லாமல் எண்ணினார். எதிரே மேரியக்காவின் கை, என் கடிகாரத்துக்காக ஓடிய அதே வேகத்தில் ஓடியது.

உரித்த பட்டி கவருக்குள் போகாமல் வெளியே கிடந்தால் ஓரம் காய்ந்து முறிந்துவிடும். அதனால் பெஞ்சில் தேங்கினால் மேரியக்கா உரிப்பதை மெதுவாக்குவார். மேரியக்கா மெதுவானால் பாய் தன்னையறியாமல் தீயைக் குறைப்பார். ஆளாளுக்கு அடுத்தவருக்காக விட்டுக்கொடுத்து, பட்டறையே பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை என்று மேரியக்காவைக் கேட்டேன்.

"அக்காவ போயி நீதான் லேட்டுன்னு காட்டிக்குடுக்க சொல்றியா மேடம்? நல்லா கீதே உன் நியாயம்."

தராசு

பிரச்சினை தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது மாதிரிதான். ஆனால் மீதிக் கிணறு ஷமீம் அக்கா. எண்ணுவதற்குப் பதில் நிறுத்துப் போடலாம் என்று மறுநாள் ஒரு எலெக்ட்ரானிக் தராசோடு போனேன். கையால் தேய்க்கிற பட்டி ஒன்று போல் ஒன்று கனக்காது. ஐம்பதின் எடை ஒரு முறை ஒன்று காட்டியது, மறுமுறை வேறு காட்டியது. தராசு தோற்றது. அப்படியானால் இரண்டாவது தடவை எண்ணுவதையாவது விட்டுவிடுங்களேன் என்றேன்.

அவர் கையில் இருந்த பட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார். தொழில் ஆரம்பித்த புதிதில், அவரே பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கடை கடையாகப் போவாராம். தாம்பரத்தில் ஒரு டீக்கடைக்காரர், கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஒரு பாக்கெட்டைப் பிரித்து மேஜையில் கொட்டிச் சத்தமாக எண்ணினாராம். நாற்பத்தாறு. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஏறாமல் பல்லாவரம் வரை நடந்தே வந்தேன் என்றார். அன்றிலிருந்து அவர் கை படாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போனதில்லை.

"அளவு குறைஞ்சா நாளைக்கு அல்லாஹ் என்னைத்தான் கேப்பான்," என்றார் தராசைப் பார்த்துக்கொண்டே. "இதைக் கேக்க மாட்டான் மேடம்."

நாலு கலர்

என் இருபது வருஷ அனுபவத்தில் இதற்கு ஒரு அட்டவணையும் கிடையாது. பதில் சொன்னது மேரியக்கா. கையில் இருந்த அடுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "உன்ன உன் அல்லாஹ் கேப்பாரு, சரி. என்ன என் கர்த்தர் கேக்க மாட்டாராக்கா? பத்து வருஷமா நான் எண்ணி வெக்கறத நீ திரும்ப எண்ற. ஒரு தபா கூட நான் வாய தொறந்ததில்ல." குரல் உயரவே இல்லை. ஷமீம் அக்காவின் முகம் மாறிவிட்டது. இப்படி ஒரு பக்கம் இதற்கு உண்டு என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை என்று தோன்றியது. தராசைப் பைக்குள் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு கலர் ரப்பர் பேண்டு சுற்றியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. அவரவர் எண்ணுவதை அவரவரே கொசுறு சேர்த்துப் பாக்கெட் போட்டு, அவரவர் கலர் ரப்பர் பேண்டைச் சுற்றட்டும். குறைந்தால் யார் பாக்கெட் என்று தெரியும். பொறுப்பும் அவரவருடையது. ஒரு வாரம் பார்க்கலாம், நடுவில் எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் பிரித்து எண்ணுவேன் என்ற நிபந்தனையோடு ஷமீம் அக்கா சம்மதித்தார். மேரியக்கா சிவப்பு. மற்ற மூவர் பச்சை, மஞ்சள், வெள்ளை. புதிதாகச் சேர்ந்தவள் பழகும்வரை உரிப்பதோடு சரி.

முதல் நாள் ஷமீம் அக்கா எல்லாவற்றையும் பிரித்து எண்ணினார். இரண்டாம் நாள் பாதியை. மேரியக்காவோ, பொறுப்பு தன்மேல் விழுந்ததும் ஒவ்வொரு பாக்கெட்டையும் மூன்று தடவை எண்ணினார், அவரைச் சமாதானப்படுத்துவது தனி வேலையாகிவிட்டது. நாலாம் நாள் ஷமீம் அக்கா கலருக்கு ஒன்றாக நாலே நாலு பாக்கெட்டை எடுத்து எண்ணிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்து, ஆர்டர்களை அமைதியாக எழுத ஆரம்பித்தார். அன்று தொண்ணூற்றைந்து. அடுத்த நாள் நூற்றுப்பத்து. இப்போதுதான் கல் நிஜமாகவே பத்தவில்லை. இரண்டாவது அடுப்பைப் பற்ற வைத்தோம், மாவு தேய்க்கிற பெண்களில் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டாள். ஒரு அடுக்குகூட ஒட்டவில்லை. தெருவில் இரண்டொரு வீட்டில் பொரித்த பட்டி எங்கே என்று விசாரித்தார்கள்.

பாய் மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்த மனைவியை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வாங்கினு வர்ற கறிவேப்பிலையக்கூட ரெண்டு தடவ பாக்கறவ மேடம் இவ," என்றார் என்னிடம். "இத எப்பிடி விட்டா?"

நீலம்

கல்லூரி திறக்கிற திங்கட்கிழமை வந்தது. வெள்ளை ரப்பர் பேண்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று காலையில் தகவல். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். புதுப் பெண் உரித்துப் போட, நான் எண்ணிப் பாக்கெட் போடுவது என்று ஏற்பாடு. எனக்கு மேரியக்கா நீல ரப்பர் பேண்டு கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய கம்பெனியில் கொடுத்த விருதுக் கேடயம்கூட இப்போது எந்தப் பரணில் கிடக்கிறதோ தெரியாது.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நூற்று அறுபதாவது பாக்கெட் விழுந்தது. வண்டி போனதும் பாய் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, இரண்டு தட்டு அதிகமாகச் சொல்லி மேரியக்காவிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாளிலிருந்து இன்னும் இரண்டு பேர் வேண்டியிருக்குமோ என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காண்டிராக்டர் போன் செய்தார். ஷமீம் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். சரக்கு நன்றாக இருக்கிறது, தினமும் இதே நூற்று இருபது வரட்டும் என்றவர், ஒரு விஷயம் என்று இழுத்தார். திங்கட்கிழமை வந்ததில் ஒரு பாக்கெட்டில் நாற்பத்தேழு பட்டிதான் இருந்ததாம். இத்தனை வருஷத்தில் நடக்காதது என்பதால்தான் சொல்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். உரிக்கிற கைகள் எல்லாம் நின்றன. மேரியக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தது எனக்குத் தெரிந்தது, ஜெபம்தான்.

"ரப்பர் பேண்டு என்ன கலர்ண்ணா?" என்று கேட்டார் ஷமீம் அக்கா.

"நீலம்."

மேரியக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தாம்பரத்து டீக்கடையில் அன்று நிமிர்ந்து பார்த்தவர்களின் பார்வை எப்படியிருந்திருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கியது. முகம் சுட்டது. ஷமீம் அக்கா நாளைக்கு ஒரு முழுப் பாக்கெட் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லிப் போனை வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் என் கைமேல் கை வைத்தார்.

"மேரி பாக்கெட்டை இனிமே நான் எண்ண மாட்டேன் மேடம்," என்றார் மெதுவாக. "உங்களுதை மட்டும் ரெண்டாவது தடவை எண்ணிக்கிறேன்."

ஒரு பட்டறையின் உற்பத்தியை எண்பதிலிருந்து நூற்று அறுபதாக்கிக் காட்டியவள் நான் என்று இப்போது எங்கே போனாலும் சொல்லிக்கொள்கிறேன், மூன்று பட்டி குறைந்ததை மட்டும் கேட்டால்தான் சொல்வேன்.